விதியை மாற்றுவோரும் விளையாட்டை வளர்த்தோரும்

விளையாட்டு ஒன்றின் விதிகள் யாருக்கு உரியவை? அவற்றை எழுதியவருக்கா, அச்சிட்டு விற்பவருக்கா, அன்றி முப்பது நாற்பது ஆண்டுகளாக அவ்விதிகளைக் கைக்கொண்டு ஆடி வருபவருக்கா? தமிழ்த்துறை மலரில் இக்கேள்விக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வியக்கக்கூடும். ஆயினும் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிய கேள்வியன்று. காலத்தால் வரும் மாற்றத்தைக் குற்றமெனத் தள்ளாத நன்னூலாரை நம் மாணவர் அறிவர். ஆனால் நன்னூல் வந்துவிட்டது என்பதற்காகத் தொல்காப்பியத்தை எவரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. விளையாட்டு நூல்களை வெளியிடும் மேலைநாட்டு நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் பட்ட பாட்டையெல்லாம் நோக்குங்கால், இந்த அலமாரி எத்துணைப் பெரிய பேறு என்பது விளங்கும்.

முதலில் சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிற் பிறந்து, பாரசீகம் சென்று, அரபு மக்களிடம் ‘ஷத்ரஞ்ச்’ என்னும் பெயரில் வளர்ந்த ஆட்டத்தில், இன்று ராணி என்று நாம் அழைக்கும் காய் ஓர் எளிய அமைச்சராகவே இருந்தது. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் அக்காய்க்குத் திடீரென்று பலகை முழுவதும் பாயும் வலிமை வந்தது. அதனோடு ஆட்டத்தின் வேகமே மாறிற்று. 1497-இல் சாலமன்கா நகரில் அச்சான லூசேனாவின் சதுரங்க நூல் இம்மாற்றத்தின் நடுவே எழுந்தது. அந்நூலில் பழைய விதிப்படி அமைந்த புதிர்களும் புதிய விதிப்படி அமைந்த புதிர்களும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. பழைய ஆட்டக்காரரை அவர் விரட்டவில்லை, புதியவரையும் தடுக்கவில்லை.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடலாம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அஸ்-ஸூலி என்னும் பேரறிஞர் ஷத்ரஞ்ச் புதிர் ஒன்றை விட்டுச் சென்றார். ‘ஸூலியின் வைரம்’ என்று புகழப்பெறும் அப்புதிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1980-களில், சோவியத் வல்லுநர் யூரி அவெர்பாக் விடை கண்டார். பழைய அமைச்சரின் ஒற்றைக் கட்ட நடையைப் பின்பற்றினால்தான் அந்தப் புதிர் புதிராக நிற்கும். பழைய விதி எங்கோ எழுத்தில் இருந்தமையால் அந்த வைரமும் இருந்தது. சதுரங்கத்திற்கு உரிமையாளர் எவரும் இல்லை. ஆகவே அதன் பழைய விதியை அழிக்கும் அதிகாரமும் எவருக்கும் இல்லை.

உரிமையாளர் உள்ள ஆட்டங்களின் கதை வேறு. அவற்றுள் தலையாயது அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்க, டி.எஸ்.ஆர். என்னும் சிறு நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒரு பெட்டி, அதனுள் மூன்று மெல்லிய நூல்கள். முதல் அச்சு ஆயிரம் படிகளே. நம் மாணவருட் பலர் இதனைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆதலின் ஆடும் முறையைச் சுருங்கச் சொல்வேன். நண்பர் நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரம் ஏற்பர். செயல் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வெற்றி தோல்வி என்று ஆட்டம் முடிவதில்லை. அடுத்த வாரம் கதை தொடரும். ஒரே பாத்திரத்தைப் பத்து, இருபது ஆண்டுகள் வளர்த்தோர் உண்டு. கூத்தும் கதையும் கணக்கும் கலந்ததொரு கலை என்று இதனைச் சொன்னால் தவறாகாது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. நூல் நிறுவனத்தினுடையது; கதை ஆடுவோருடையது. அந்த மூன்று சிறு நூல்களின் முடிவிலேயே, தெளிவில்லாத இடங்களைத் தத்தம் கற்பனைக்கேற்ப நிரப்பிக்கொள்ளுமாறு ஆடுவோரை ஆசிரியர்கள் ஊக்கியிருந்தனர். ஐந்தாண்டுகளுக்குள் அதே கைகாக்ஸ், ‘அட்வான்ஸ்ட்’ என்னும் அடைமொழியோடு 1977 முதல் 1979 வரை வெளிவந்த விரிவான நூல்களை எழுதியபோது, எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும் என்று வலியுறுத்தலானார். மனம் மாறினார் என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. புதிய நூலுக்குத் தமக்கு உரிமைத்தொகை வரவில்லை என்று ஆர்னசன் 1979-இல் வழக்குத் தொடுத்தார். 1981-இல் உடன்பாடு ஏற்பட்டது. விதி மாறும்போது பேரேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது என்பேன்.

பேரேடு என்றவுடன் வெளியீட்டாளரை வஞ்சகர் என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. அவர்தம் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விதிநூல் என்பது சோப்புக்கட்டி அன்று, தேய்ந்து தீர்வதற்கு. 1978-இல் வாங்கிய நூலைக்கொண்டு இன்றிரவும் ஆடலாம். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டுவதில்லை. ஐவர் ஆடும் மேசையில் ஒரே ஒருவர் வாங்கினாலும் ஆட்டம் நடந்துவிடும். எழுதுவோர்க்கும் ஓவியர்க்கும் மாதந்தோறும் ஊதியம் தர வேண்டிய நிறுவனம் என்ன செய்யும்? துணைநூல்களாகக் குவிக்கும், குவிந்தவை தேங்கும், பின்னர்ப் புதிய பதிப்பு கொண்டுவரும். டி.எஸ்.ஆர். நிறுவனம் அளவின்றி வெளியிட்டுக் கடனில் மூழ்கி, 1997-இல் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதனை 1999-இல் ஹாஸ்ப்ரோ என்னும் பெரும் பொம்மை நிறுவனம் வாங்கிற்று. ஆக, புதிய பதிப்பு என்பது பேராசையினால் மட்டும் வருவதன்று, பிழைப்பினாலும் வருவது.

சில வேளைகளில் அது ஊராரின் வாய்க்கு அஞ்சியும் வரும். 1989-இன் இரண்டாம் பதிப்பில், பெற்றோர் சிலரின் எதிர்ப்பு முன்னிற்க, பேய் பூதங்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, யாரும் கேட்டறியாத புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. 2000-இன் மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்கள் ஓசையின்றி மீண்டும் வந்தமர்ந்தன. இதில் நீண்டு பேச ஒன்றுமில்லை.

மூன்றாம் பதிப்பு பேசத்தக்கது. பழைய விதியில் கவசத்தின் எண் குறையக் குறையக் காப்பு மிகும்; தாக்குவோன் ஒவ்வொரு முறையும் கழித்தல் கணக்குப் போட வேண்டும். ‘தாக்கோ’ என்று ஆடுவோர் அழைத்த இந்தத் தலைகீழ்க் கணக்கை மூன்றாம் பதிப்பு ஒழித்தது: எண் மிகுந்தால் காப்பு மிகுதி. இருபது முகப் பகடையை உருட்டி, வந்ததோடு கூட்டிப் பார்த்தால் போதும். இதற்கும் முணுமுணுத்தோர் இருந்தனர். அவர்கள்பால் எனக்கு இரக்கம் உண்டு, உடன்பாடு இல்லை. கடினமாக இருந்தது, நாங்கள் கற்றோம், ஆகவே நீங்களும் கற்க வேண்டும் என்பது பற்றன்று; அது பழக்கத்தின் பிடிவாதம். நிறுவனமும் அன்று நன்முறையில் நடந்துகொண்டது. பழைய பாத்திரங்களைப் புதிய விதிக்கு மாற்றிக்கொள்ளும் வழியைச் சிறு கையேடாக அச்சிட்டு விலையின்றி வழங்கிற்று.

அதனினும் பெரிய கொடை ஒன்று அதே 2000-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாண்டு தம் சொந்த நூல்களை வெளியிடலாம் என்னும் ‘திறந்த விளையாட்டு உரிமம்’ அது. அதன் பின்னணியில் நின்றவர் ரயன் டான்சி என்னும் அலுவலர். அறக்கொடை என்று மயங்க வேண்டா. சிறு வெளியீட்டாளர் ஆயிரம் கதைகளை எழுதினால், அவற்றை ஆட மூலநூலை வாங்கித்தானே தீர வேண்டும் என்னும் வணிகக் கணக்கும் அதில் இருந்தது. எனினும் அவ்வுரிமத்தால் நிகழ்ந்தது கணக்கை மீறியது. பழைய முதற்பதிப்பின் விதிகளை அவ்வுரிமத்தின் துணைகொண்டே மறுபடி எழுதி, ‘ஓஸ்ரிக்’ என்னும் பெயரில் 2006-இல் அன்பர் சிலர் வெளியிட்டனர். நிறுவனம் கைவிட்ட பதிப்புக்கு ஆடுவோரே பதிப்பாசிரியர் ஆயினர். நம் ஊரில் ஓலைச்சுவடி தேடி அலைந்தோரின் வேலையை ஒத்தது இது. செல்லரித்த ஏடு அன்று, வெளியீட்டாளரின் கதவு இங்கே தடையாக இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

2003-இல் மூன்றரையாம் பதிப்பு என்று ஒன்று வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதே மூன்று நூல்களை மீண்டும் வாங்கச் சொன்னதில் பலருக்கு மனத்தாங்கல். ஆயினும் வாங்கினர். 2008-இன் நான்காம் பதிப்பில்தான் கட்டு அறுந்தது. வீரன், திருடன், மந்திரவாதி யாராயினும் ஒரே அமைப்பிலான ஆற்றல்கள். கட்டமிட்ட பலகையின்றிப் போர் நடத்துவது அரிது. அவ்விதி கெட்ட விதி என்று நான் சொல்லேன். கணக்காக நோக்கினால் மிகச் சீரானது. ஆனால் மந்திரவாதி பிறரைப்போல் இருக்கமாட்டான் என்பதே பலர் இந்த ஆட்டத்தை விரும்பியதற்குக் காரணம். சீர் செய்தபோது அந்தச் சுவை போயிற்று. அத்தோடு பழைய திறந்த உரிமத்துக்கு மாறாக, கட்டுப்பாடு மிகுந்த புதிய உரிமம் ஒன்றும் நீட்டப்பட்டது. 2009 ஏப்ரலில், திருட்டுப் படிகளைக் காரணம் காட்டி, பழைய பதிப்புகளின் மின்படிகளை விற்பதையும் நிறுவனம் அடியோடு நிறுத்திவிட்டது. புதிய வீட்டுக்கு வா என்று அழைப்பது ஒன்று. பழைய வீட்டைப் பூட்டித் திறவுகோலை எடுத்துச் செல்வது வேறொன்று.

வாசிங்டன் மாநிலத்திலேயே இருந்த பாய்சோ என்னும் நிறுவனம் அதுவரை இந்த ஆட்டத்துக்கான இரு இதழ்களை நடத்திவந்தது. 2007-இல் அவ்வுரிமை திரும்பப் பெறப்பட்டிருந்தது. வாழ்வாதாரம் இழந்த அந்நிறுவனம், 2000-இன் திறந்த உரிமத்தையே கைவாளாகக் கொண்டு, மூன்றரையாம் பதிப்பின் விதிகளைத் திருத்தி, 2008-இல் ஆடுவோரின் கைக்கே வரைவைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, 2009 ஆகஸ்டில் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் நூலாக வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டளவில், கடைக்காரரிடம் விசாரித்துத் தொகுக்கப்படும் வணிகப் பட்டியலில் பாத்ஃபைண்டர் முதலிடம் பெற்றது. முதலாளியின் பழைய சரக்கு முதலாளியின் புதிய சரக்கை வென்ற விந்தை இது. ஆடுவோர் பற்று வைத்திருந்தது அட்டையில் உள்ள பெயர்மீதன்று, தம் மேசையில் வளர்ந்த கதையின்மீது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

விசர்ட்ஸ் நிறுவனம் பாடம் கற்றது. 2012 சனவரியில் புதிய பதிப்புக்கான முயற்சியை அறிவித்து, அவ்வாண்டு மே மாதம் முதல் வரைவு விதிகளைப் பொதுமக்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னது. 1,75,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர் என்று நிறுவனம் கூறிற்று. 2013-இல் பழைய பதிப்புகளின் மின்படிகள் மீண்டும் விற்பனைக்கு வந்தன. 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் விலையின்றிக் கிடைத்தன. பழையோரும் புதியோரும் ஒரே மேசையில் அமர்ந்த காலம் அது. ஆட்டம் தன் வரலாற்றில் காணாத பெருக்கம் கண்டது.

இதற்கிடையே இங்கிலாந்தில் நடந்ததொன்று. நாட்டிங்காம் நகரத்து கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1983 முதல் ‘வார்ஹாமர்’ என்னும் போர் விளையாட்டை நடத்திவந்தது. ஆடுவோர் நூற்றுக்கணக்கான சிறு பொம்மை வீரர்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, சதுர அடித்தட்டில் நிறுத்தி அணிவகுப்பர். ஒரு படையை முடிக்க ஆண்டுகள் ஆகும். 2015-இல் நிறுவனம் அந்தக் கற்பனை உலகையே அழிந்ததாகக் கதை எழுதி, வட்ட அடித்தட்டும் நான்கே பக்க விதியும் கொண்ட புதிய ஆட்டத்தை வெளியிட்டது. படைகளின் வலிமையை ஒப்பிடும் புள்ளிக்கணக்கே அதில் இல்லை. பழைய படைகளுக்கென எழுதிய விதிகளுள், ஆடுபவரின் தாடியை வைத்துச் சலுகை தரும் கேலி விதியும் ஒன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்தவனிடம் அந்நேரத்தில் நகைச்சுவை காட்டுவது எத்தகைய பண்பு என்று நான் வியந்ததுண்டு. ஓர் ஆட்டக்காரர் தம் படையைத் தீயிட்டுக் கொளுத்திப் படம் எடுத்து வெளியிட்டார். அதுவும் அளவு கடந்த செயலே. தன் கையால் தீட்டிய வண்ணம் நிறுவனத்தின் சொத்தன்றே, அதை ஏன் எரிக்க வேண்டும்? மறு ஆண்டிலேயே புள்ளிக்கணக்கு திரும்பி வந்தது. 2024 சனவரியில் பழைய உலகமே, சதுர அடித்தட்டோடு, ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்னும் பெயரில் மீண்டும் கடைக்கு வந்தது.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 2023 சனவரி முதல் வாரத்தில், திறந்த உரிமத்துக்கு மாற்றாக விசர்ட்ஸ் நிறுவனம் எழுதியிருந்த புதிய வரைவு செய்தியாளர் வழியே வெளியில் கசிந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைக் கடந்தால், கடந்த தொகையில் 25 விழுக்காடு வரை உரிமைத்தொகை. அதற்கும் மேலாக, 2000-இன் பழைய உரிமம் இனிச் செல்லாது. தமிழ் மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். வழக்கு முழுவதும் ஒரே ஓர் அடைமொழியின்மேல் நின்றது. பழைய உரிமம், ‘ஏற்பளிக்கப்பட்ட’ எந்தப் படிவத்தையும் ஒருவர் பின்பற்றலாம் என்று கூறியிருந்தது. அப்படியாயின் கொடுத்த ஏற்பை நாங்களே திரும்பப் பெறலாம் அன்றோ என்றனர் நிறுவனத்தார். உரிமம் வெளியான காலத்தில், பின்னாளில் மாற்றினாலும் முந்தைய படிவத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அதே நிறுவனமே விளக்கம் எழுதியிருந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாக அச்சொல்லை நம்பி மக்கள் கடை வைத்தனர், அச்சகம் வைத்தனர், வீட்டுக்கடன் வாங்கினர். கொடுத்த வாக்கை ஓர் எச்சத்தின் சந்துவழியே நழுவவிடப் பார்ப்பதைச் சட்டம் ஏற்குமோ ஏற்காதோ, ஊர் ஏற்காது.

ஏற்கவில்லை. பல்லாயிரவர் ஒப்பமிட்ட திறந்த மடல் எழுந்தது. நிறுவனத்தின் இணையச் சந்தாவைப் பலர் முறித்தனர். போட்டி நிறுவனமான பாய்சோ, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாத புதிய பொது உரிமம் ஒன்றை எழுதப்போவதாக 12-ஆம் நாளே அறிவித்தது. விசர்ட்ஸ் நிறுவனம் வரைவைத் திருத்திக் கருத்துக் கேட்டது. 15,000-க்கும் மேற்பட்டோர் விடை எழுத, அவர்களுள் 89 விழுக்காட்டினர் பழைய உரிமத்தைச் செல்லாததாக்குவதை விரும்பவில்லை என்றனர். சனவரி 27-இல் நிறுவனம் பணிந்தது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, என்றும் திரும்பப் பெறவியலாத ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ பொது உரிமத்தின்கீழ் வைத்துவிட்டது. அரசனிடம் முறையிடப் போனவர்கள் ஊர்க்கிணற்றையே பொதுவாக எழுதி வாங்கி வந்த கதை இது.

ஆடுவோரும் குற்றமற்றவர் அல்லர். புதிதாக ஆட வரும் இளையோரை ஏளனம் செய்வதையும், பதிப்புக்குப் பதிப்பு கட்சி கட்டிக்கொண்டு வசை பொழிவதையும் பற்று என்னும் பெயரால் மூடிமறைக்க இயலாது. இன்னொன்று: பழைய விதியின் புகலிடமாக எழுந்த பாய்சோவே 2019-இல் இரண்டாம் பதிப்பு வெளியிட்டது, 2023 நவம்பரில் அதனையும் திருத்தி, பழைய உரிமத்தைச் சார்ந்த பெயர்களையும் கூறுகளையும் களைந்தது. முதற்பதிப்பின் அன்பர்கள் மறுபடியும் வருந்தினர். எனினும் பெருங்கலகம் எழவில்லை. பழைய பதிப்பின் விதிகள் அனைத்தும் இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடந்தமையும் அதற்கொரு காரணம் என்று எண்ணுகிறேன். எடுத்துக்கொள்ளாமல் கொடுத்தால் மக்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர்.

அலமாரியைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். இப்பொழுது அந்த அலமாரியே கரையத் தொடங்கியுள்ளது. ஐந்தாம் பதிப்பை ஆடுவோருள் பலர் இன்று தாள்நூலை வைத்திருப்பதில்லை. நிறுவனத்தின் ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்னும் இணையத் தளத்தில் பணம் கட்டி, தம் பாத்திரத்தின் குறிப்பேட்டையும் அங்கேயே வைத்திருக்கின்றனர். 2024 செப்டம்பரில் திருத்திய நூல் வரவிருந்த வேளை, ஆகஸ்டு மாதத்தில் தளத்தார் ஓர் அறிவிப்புச் செய்தனர்: பழைய பதிப்பின் மந்திரங்களும் மாயப்பொருள்களும் குறிப்பேடுகளில் புதிய விதிப்படி தாமாகவே மாற்றப்படும்; பழையதே வேண்டுவோர் தம் கையால் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய நூலின் வரிகள், உரியவர் உறங்கும்போது மாறிவிடும் என்பதே இதன் பொருள். 1978-இல் கைகாக்ஸின் நூலை வாங்கியவனுக்கு இப்படியோர் அச்சம் இருந்ததில்லை. அவன் வீட்டிற்குள் நுழைந்து பக்கத்தைக் கிழிக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது.

ஆடுவோர் வெகுண்டனர். சில நாட்களுக்குள் தளத்தார் அறிவிப்பைத் திரும்பப் பெற்று, பழைய மந்திரங்கள் குறிப்பேட்டில் அப்படியே இருக்கும், பழையது என்னும் அடையாளம் மட்டும் இடப்படும் என்றனர். 2023-இல் எழுதி வாங்கியது போன்ற உறுதி எதுவும் இம்முறை எழுத்தில் வரவில்லை. பொது உரிமம் அடிப்படை விதிகளுக்கு மட்டுமே உரியது; ஒருவர் அத்தளத்தில் வாங்கிய முழுநூலும், இருபது ஆண்டு வளர்த்த பாத்திரத்தின் குறிப்பேடும் இன்னும் நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கின்றன.